தனியாக வடிவமைத்த சொகுசுப் பயணம்: அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். திருமணமாகி 25 ஆண்டு ஆனதை ஒட்டி ஒரு தம்பதி பெரிய பயணம் ஒன்று போக நினைக்கிறார்கள். ஒரு நிறுவனம், இவர்கள் இருவருக்காக மட்டும் திட்டம் போட்டு, ஒவ்வோர் இடத்திலும் அந்த ஊர் நிபுணர் ஒருவரைக் கூட அனுப்புவதாகச் சொல்கிறது. விலையோ வழக்கமான குழுச் சுற்றுலாவைப் போல மூன்று மடங்கு. அதே ஓட்டலையும் விமானத்தையும் நாமே இணையத்தில் பதிவு செய்தால் இதில் பாதிதான் வருகிறது, மீதிப் பணம் எதற்கு, கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

மீதிப் பணம் மனிதர்களுக்குப் போகிறது என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். உங்களோடு உட்கார்ந்து பேசித் திட்டம் போடுகிறவரின் நேரத்துக்கும், அங்கே போய் இறங்கியதும் உங்கள் பக்கத்தில் நிற்கப்போகிற கைடின் தகுதிக்கும் அது போகவேண்டும். நடைமுறையில் பல திட்டங்களில் அது அறையின் அளவுக்கும் வண்டியின் பெயருக்கும் போய்விடுகிறது. இந்தத் தொழிலை உள்ளிருந்து பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பட்ஜெட் இடிக்கிறது என்றால் ஓட்டலை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், கைடு விஷயத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

முதலில் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்களிடம் பேசி விற்கிற நிறுவனம் ஒன்று. போகிற நாட்டில் வண்டி, ஓட்டல், பெர்மிட், கைடு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிற உள்ளூர் நிறுவனம் வேறொன்று. தொழிலில் இதை டிஎம்சி என்பார்கள். அந்த டிஎம்சியிலும் கைடுகள் பெரும்பாலும் சம்பள ஊழியர்களாக இருப்பதில்லை, நாள் கணக்கில் வேலை செய்கிறவர்கள். ஒரே கைடை மூன்று நான்கு நிறுவனங்கள் கூப்பிடும். ஊரிலேயே நல்ல பெயர் எடுத்தவர் என்றால் சீசன் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே அவருடைய நாள்கள் நிரம்பிவிடும். ஆக, விளம்பரத்தில் 'எங்கள் உள்ளூர் நிபுணர்கள்' என்று இருந்தாலும், உங்கள் தேதியில் யார் வருவார் என்பது அந்த நேரத்தில் யார் கிடைக்கிறார் என்பதைப் பொறுத்தது. நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: எங்களோடு வரப்போகிறவர் யார், அவரை இப்போதே உறுதி செய்து எழுத்தில் தருவீர்களா? ஆறு மாதம் முன்பே ஒரு பெயரைச் சொல்கிற நிறுவனத்துக்கும், 'அதெல்லாம் அங்கே போனதும் பார்த்துக்கலாம்' என்கிற நிறுவனத்துக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இப்படிப் போவது புதிய மோஸ்தர் ஒன்றும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வட ஐரோப்பிய செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் இத்தாலிக்குப் போனபோது கூடவே ஓர் ஆசிரியர் போவார். ரோமில் இறங்கியதும் அந்த நகரத்துப் பழம்பொருள்களை அறிந்த ஒருவரை அமர்த்திக்கொள்வார்கள். 1763-இல் போப்பாண்டவரின் தொல்பொருள் துறைக்குப் பொறுப்பேற்ற வின்கெல்மன் போன்ற பேரறிஞரே முக்கிய விருந்தாளிகளை அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறார். குழுச் சுற்றுலா பிறகு வந்தது. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துப்போனார். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போனால் ஆளுக்குச் செலவு குறையும் என்ற கணக்கில்தான் இன்றைய பேக்கேஜ் டூரும் ஓடுகிறது. அது நல்ல கணக்கு, லட்சக்கணக்கானவர்களுக்கு உலகத்தைத் திறந்துவிட்ட கணக்கு. தனிப் பயணத்தில் அந்தச் சிக்கனம் இல்லை. ஆகவே விலை கூடுகிறது என்பதில் ஏமாற்று எதுவும் கிடையாது. கூடிய விலைக்கு ஏற்ற அறிவு கிடைக்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

அந்த அறிவு எப்படி இருக்கும் என்பதற்கு சஃபாரியை எடுத்துக்கொள்வோம். சாதாரண டிரைவர் ரேடியோவில் 'சிங்கம் இங்கே' என்று கேட்டதும் வண்டியைத் திருப்புவார். போய்ச் சேரும்போது அங்கே ஏற்கெனவே பல வண்டிகள் நிற்கும். தேர்ந்த கைடு வேறு மாதிரி. காலையில் ஓரிடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். மேய்ந்துகொண்டிருந்த இம்பாலா மான்கள் தலையை நிமிர்த்தி எல்லாம் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று கவனிப்பார். வெர்வெட் குரங்குகளின் கத்தலைக் காது கொடுத்துக் கேட்பார். இந்தக் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு சத்தம், கழுகுக்கு வேறு சத்தம், பாம்புக்கு இன்னொன்று எழுப்பும். கென்யாவின் அம்போசெலியில் ஆய்வாளர்கள் இந்தச் சத்தங்களைப் பதிவு செய்து, குரங்குகளுக்கே திரும்பப் போட்டுக்காட்டினார்கள்; முடிவுகள் 1980-இல் வெளியாயின. சிறுத்தைச் சத்தம் கேட்டவை மரத்துக்கு ஓடின, கழுகுச் சத்தத்துக்கு மேலே பார்த்தன, பாம்புச் சத்தத்துக்குக் கீழே புல்லைப் பார்த்தன. கைடு இதைப் படித்திருக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் எந்த மரத்தை நோக்கி வண்டியை விடவேண்டும் என்று அவருக்குத் தெரியும். சிறுத்தை கிடைக்காமல் போனாலும், நடந்தது என்ன என்று அவர் விளக்கிய அரைமணி நேரம் உங்களுக்கு வாழ்நாள் முழுதும் நினைவிருக்கும்.

இந்தத் தகுதியை ஓரளவு வெளியிலிருந்தே சோதிக்கலாம். கென்யாவில் சஃபாரி கைடுகளின் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலை கொடுக்கிறது. உங்கள் கைடு எந்த நிலை என்று கேட்பதில் தவறே இல்லை. ஜிம்பாப்வேயில் முழு உரிமம் வாங்கப் பல ஆண்டு பயிற்சியும் கடுமையான தேர்வும் உண்டு. யானையும் சிங்கமும் இருக்கிற காட்டில் உங்களை நடத்தி அழைத்துப்போகிறவருக்கு அந்த உரிமம் இருக்கவேண்டும். ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகளில் தேசியப் பூங்கா அங்கீகரித்த இயற்கை வழிகாட்டி இல்லாமல் பார்வையிடும் தீவுகளில் இறங்கவே விடமாட்டார்கள், ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் கூடாது. ஜப்பானில் நிலைமை வேறு. 2018 ஜனவரி முதல், தேசியத் தேர்வு எழுதாதவர்களும் கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டலாம் என்று சட்டம் மாறிவிட்டது. அங்கே உரிமம் இல்லாத அருமையான ஆள்களும் இருக்கிறார்கள், ஒன்றும் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அதனால் அங்கே 'கைடு' என்று மட்டும் சொன்னால் போதாது. தேசியத் தகுதி உண்டா, இல்லையென்றால் எந்தத் துறையில் அனுபவம் என்று கூடுதலாகக் கேளுங்கள்.

உரிமம் என்பது குறைந்தபட்சத் தகுதி, அவ்வளவுதான். அதற்கு மேலே நிற்கிற திறமை ஒன்று இருக்கிறது: எதை விடவேண்டும் என்று தெரிவது. எகிப்தின் அபு சிம்பல் கோயிலில் ஆண்டுக்கு இரண்டு நாள், பிப்ரவரி 22-ம் அக்டோபர் 22-ம், காலைச் சூரியன் கருவறைச் சிலைகள் மீது விழும். கேட்டதும் எல்லோருக்கும் அந்த நாளில் போகத்தான் ஆசை வரும். விற்கிற நோக்கம் மட்டும் இருப்பவர் உடனே அந்தத் தேதிக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பார். தெரிந்தவர் முதலில் கூட்டத்தைப் பற்றிச் சொல்வார்: விடியும் முன்பே வரிசையில் நின்று, உள்ளே போய், தள்ளிக்கொண்டே வெளியே வந்துவிட வேண்டியிருக்கும். அப்புறம் வேறொரு யோசனை தருவார். அஸ்வானிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் வந்து பார்க்கிற பேருந்துக் கூட்டம் பெரும்பாலும் நண்பகலுக்குள் திரும்பிவிடும். நீங்கள் ஏதோ ஒரு சாதாரண நாளில் போய் அந்தச் சின்ன ஊரிலேயே இரவு தங்கிவிட்டால், பிற்பகலிலும் மறுநாள் காலை முதல் ஆளாகவும் அந்த ராம்சேஸ் சிலைகளுக்கு முன்னால் ஆற அமர நிற்கலாம். அங்கே பெரிய சொகுசு ஓட்டல் கிடையாது. ஆனாலும் நான் பார்த்தவரை மிகச் சிறந்த 'சொகுசு' என்பது இப்படிப்பட்ட ஒரு முடிவுதான்.

அடுத்து, 'யாருக்கும் கிடைக்காத அனுமதி' என்று விற்கப்படும் விஷயம். இதில் நிறைய மயக்கம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சில கதவுகள் யார் காசு கொடுத்தாலும் திறக்கும். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் 2,797 சாவிகள் இருக்கின்றன. விடியற்காலையில் சாவிக் காப்பாளர் ஒவ்வொரு கூடமாகத் திறந்துகொண்டு போக, கூடவே நடந்து சிஸ்டைன் சிற்றாலயம் வரை போகிற அனுபவம் அதிகாரப்பூர்வமாகவே விற்கப்படுகிறது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில், அந்தப் பழங்காலக் கல்வட்டத்துக்கு உள்ளே, பொது நேரத்துக்கு வெளியே நிற்க வேண்டுமா? இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பிடம் நீங்களே விண்ணப்பிக்கலாம். இதை ஏற்பாடு செய்து கொடுத்ததற்குச் சேவைக் கட்டணம் வாங்கினால் அது நியாயம். தனக்கு மட்டுமே திறக்கும் கதவு என்று சொன்னால் ஜாக்கிரதையாக இருங்கள்.

சில கதவுகளுக்கு எல்லோருக்கும் ஒரே விதி. ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவில் ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் 8 பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரே ஒரு மணி நேரம். கோடீஸ்வரருக்கும் அதே ஒரு மணி நேரம்தான். அப்படியென்றால் நல்ல கைடு அங்கே என்ன செய்யமுடியும்? காலை ஏழு மணிவாக்கில் கினிகி என்ற இடத்தில் பூங்கா அலுவலகத்தின் முன் எல்லோரும் கூடுவார்கள். யார் எந்தக் கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்பது அப்போதுதான் முடிவாகும். ஒரு குடும்பம் ஒரு மணி நடையில் கிடைக்கும், இன்னொன்று சேற்றிலும் மூங்கில் காட்டிலும் பல மணி நேரம் ஏறினால்தான் கிடைக்கும். நீங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் டிரைவர்-கைடு பூங்கா அதிகாரிகளிடம் போய், இவருக்கு முழங்கால் வலி, அவருக்கு மூச்சு வாங்கும் என்று சொல்லி, தோதான குழுவில் சேர்க்கப் பேசிக்கொண்டிருப்பார். அந்த அதிகாரிகளுக்கு அவரை எத்தனை காலமாகத் தெரியும், அவர் சொல்லை நம்புவார்களா என்பதில்தான் உங்கள் நாள் இருக்கிறது. பயணத்திட்டத்தில் இது ஒரு வரியாகக்கூட வராது.

பெருவில் மச்சு பிச்சுவுக்கு நடந்து போகிற இன்கா பாதையிலும் இதே மாதிரிதான். சுமை தூக்குவோர், கைடுகள் உட்பட நாளைக்கு 500 பேருக்கு மட்டும் அனுமதி, பிப்ரவரியில் மூடிவிடுவார்கள், உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போகமுடியும். இங்கே பணம் செய்யக்கூடிய உதவி, முன்கூட்டியே பெர்மிட் எடுத்து வைப்பதுதான்.

சில கதவுகள் உறவால் மட்டும் திறக்கும். ஜப்பானின் கியோட்டோவில், ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கெய்ஷா என்ற பெண் கலைஞர்களின் கலை நிகழும் பழைய தேநீர் விடுதிகள் பலவற்றில், அறிமுகம் இல்லாத புது ஆளைச் சேர்ப்பதில்லை. வழக்கமாக வரும் ஒருவர் அழைத்துவர வேண்டும். கணக்கும் பெரும்பாலும் அங்கேயே தீர்ப்பதில்லை, பிறகு அந்த அறிமுகம் செய்தவருக்குப் போகும். விருந்தாளி மரியாதைக் குறைவாக நடந்தால் பழி அவர் தலையில்தான் விழும். இப்படி ஓர் இடத்துக்கு உள்ளூர் நிபுணர் உங்களை அழைத்துப்போகிறார் என்றால், பல ஆண்டுகளில் சம்பாதித்த தன் பெயரை அடகு வைத்து அழைத்துப்போகிறார். அங்கே எப்படி உட்காரவேண்டும், எப்போது படம் எடுக்கக்கூடாது என்று அவர் முன்கூட்டியே சொன்னால் தயவுசெய்து அப்படியே கேளுங்கள். கியோட்டோவில் கெய்ஷாக்கள் இருக்கும் கியோன் பகுதியில் சில தனியார் சந்துகளில் 2024 முதல் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை வந்ததே, தெருவில் போகிற கலைஞர்களை மறித்துப் படம் எடுத்தவர்களால்தான்.

எதற்கும் திறக்காத கதவுகளும் உண்டு. ஆதிகால ஓவியங்கள் உள்ள பிரான்ஸின் லாஸ்கோ குகையை, மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெடுகின்றன என்று 1963-இலேயே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். இன்று பார்ப்பது நகல் குகைதான். 'அசல் குகைக்கு ஏற்பாடு செய்கிறேன்' என்று யாராவது சொன்னால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, நிறுவனத்தை எப்படி எடைபோடுவது? முதல் பேச்சிலேயே பாதி தெரிந்துவிடும். விசாரித்த ஒரு மணி நேரத்தில் அழகான படங்களோடு முழுத் திட்டமும் வந்துவிட்டால், அது யாருக்கோ போட்ட திட்டத்தில் பெயரை மாற்றியது. நல்ல திட்டமிடுபவர் முதலில் விற்கமாட்டார், கேட்பார். காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள், படிக்கட்டு ஏறமுடியுமா, போன பயணத்தில் எது சலித்துப்போனது, இருவருக்கும் விருப்பம் ஒன்றா வேறா, ஒருவர் ஓய்வெடுக்கும்போது மற்றவர் தனியாகப் போவாரா என்றெல்லாம் கேட்பார். இப்படிக் கேட்பதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தைத் தருகிறாரா என்று பாருங்கள்.

திட்டம் கைக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: "இதில் ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்றால் எதை எடுப்பீர்கள்?" அந்த ஊரை அறிந்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார், காரணமும் சொல்வார். எல்லாமே முக்கியம் என்று சொல்கிறவர் அங்கே போனதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம், நடுவில் மழை வந்தால், உடம்பு சரியில்லை என்றால், அல்லது ஓரிடம் பிடித்துப்போய் இன்னும் ஒரு நாள் இருக்கத் தோன்றினால், திட்டத்தை மாற்றும் அதிகாரம் கூட இருக்கும் கைடுக்கு உண்டா, தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் காத்திருக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். அதிகாரம் இல்லாத நிபுணரை வைத்துக்கொண்டு பெரிய பயன் இல்லை.

கைடுக்கு நாளுக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா என்று விசாரிப்பதில் கூச்சப்பட வேண்டாம். கூலி குறைவாக இருக்கிற இடத்தில்தான் கம்பளக் கடை, நகைக் கடை, வாசனைத் திரவியக் கடை என்று சுற்றவிட்டுக் கமிஷனில் ஈடுகட்டுவார்கள். அதில் அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. 'நாங்கள் கேட்காமல் எந்தக் கடைக்கும் அழைத்துப்போகக்கூடாது' என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல நிறுவனம் உடனே ஒத்துக்கொள்ளும்.

உங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று வேண்டும்: உண்மையைச் சொல்வது. முழங்கால் வலியை மறைப்பதும், அருங்காட்சியகம் அலுப்பு என்பதைச் சொல்லக் கூச்சப்படுவதும் திட்டத்தைக் கெடுத்துவிடும். கைடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டே வரவேண்டும் என்றும் இல்லை. 'மதியத்துக்கு மேல் நாங்கள் தனியாக நடக்கிறோம்' என்று சொன்னால் யாரும் வருத்தப்படமாட்டார்கள். தினமும் அரைநாளாவது காலியாக விடச்சொல்லுங்கள். காசு கொடுத்துவிட்டோம் என்று நிமிடத்துக்கு நிமிடம் நிரப்பினால் அது பழையபடி குழுச் சுற்றுலா மாதிரி ஆகிவிடும்.

பணப் பாதுகாப்பைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-இன் பேக்கேஜ் பயண விதிகள்படி, பேக்கேஜைத் தொகுத்துத் தருகிற நிறுவனமே எல்லாச் சேவைக்கும் பொறுப்பு, அது திவாலானாலும் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கவேண்டும். பிரிட்டனில் விமானத்தோடு சேர்ந்த பேக்கேஜ்களுக்கு அட்டோல் என்ற பணப் பாதுகாப்புத் திட்டம் உண்டு. 2019 செப்டம்பர் 23 அன்று தாமஸ் குக் நிறுவனம் மூடியபோது வெளிநாட்டில் இருந்த சுமார் 1,50,000 பிரிட்டிஷ் பயணிகளை அந்த நாட்டு விமானத்துறையே ஏற்பாடு செய்து திருப்பி அழைத்துவந்தது. உலகத்தில் எல்லா இடத்திலும் இப்படி ஏற்பாடு இல்லை. உங்கள் ஒப்பந்தம் யாருடன், எந்த நாட்டுச் சட்டப்படி, நிறுவனம் மூடினால் யார் பணம் தருவார் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தவணையாகக் கட்டுங்கள். பெர்மிட் கட்டணம் போன்றவை திரும்பி வராது என்பதால் ரத்து விதிகளைத் தனித்தனியாகப் படியுங்கள். காடு, மலை, துருவப் பகுதி என்றால் மருத்துவ அவசரத்துக்கு விமானத்தில் தூக்கிவருவதையும் காப்பீடு ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பயணத்துக்கும் இவ்வளவு செலவு வேண்டியதில்லை. பாரிஸ், லண்டன் மாதிரி நகரங்களில் நீங்களே ஓட்டலைப் போட்டுக்கொண்டு, இரண்டே நாளுக்கு உரிமம் பெற்ற தனி கைடை நேரடியாக அமர்த்தினால் போதும். லண்டனில் புளூ பேட்ஜ் என்ற கைடு தகுதி வாங்கியவர்கள் நேரடியாகவே கிடைப்பார்கள், தேர்வு எழுதி வந்தவர்கள், தரம் நன்றாக இருக்கும். முதல் நாளே ஒருவரோடு சுற்றிவிட்டால் மீதி நாள்களை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தூரம், பெர்மிட், மொழி, காட்டு விலங்கு இவற்றில் இரண்டு சேர்ந்து வருகிற இடங்களில் முழு ஏற்பாட்டுக்குப் பணம் கொடுங்கள். ருவாண்டா, எகிப்து, கலாபகஸ் எல்லாம் அந்த வகை.

உங்கள் கேள்வியில் எந்த நாடு என்று இல்லை. ஆப்பிரிக்க சஃபாரி மனதில் இருந்தால், ஜூலை முதல் அக்டோபர் வரை உள்ள வறண்ட காலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள், கைடின் நாள்தான் முதலில் தீர்ந்துபோகும். இப்போதே அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கைடு யார், அவருடைய தகுதி என்ன, பயணத்துக்கு முன் அவரோடு கால்மணி நேரம் வீடியோவில் பேசமுடியுமா என்று கேளுங்கள். பேச வைத்தார்கள் என்றால், திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடமே எதை எடுத்துவிடலாம் என்று கேட்டுப்பாருங்கள். பேசவே வைக்கமுடியாது என்றால் இன்னும் இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.